கடைசியாக எப்போது பார்த்தோம்?

செப்டம்பர் பிறந்ததும் பறவை பார்ப்பவர்களிடையே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். எங்கள் ஏரிக்கரைக்குச் சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது, மின்கம்பியில் தகைவிலான் உட்கார்ந்திருக்கிறது, வேலியோரம் பழுப்புக் கீச்சான் கத்துகிறது என்று செய்திகள் பறக்கும். இந்த ஆண்டு முதலில் பார்த்தது யார் என்று செல்லச் சண்டைகூட நடக்கும். ஆறேழு மாதம் கழித்து அதே பறவைகள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு செய்தியும் வராது. சித்திரை வெயிலில் யாராவது ஒருவர், “வாலாட்டியைக் கொஞ்ச நாளாகக் காணோமே” என்பார். எத்தனை நாளாக என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

வருகைக்கு ஒரு தேதி உண்டு. நேற்று இல்லாத பறவை இன்று கண்ணில் படுகிறது, உடனே குறித்துக்கொள்கிறோம். புறப்பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஏப்ரல் 18 அன்று பார்த்த வாலாட்டிதான் இந்தப் பருவத்தின் கடைசி வாலாட்டி என்று ஏப்ரல் 18 அன்று எவராலும் சொல்ல முடியாது. மறுநாளும், மறுவாரமும், மே மாதத்திலும் அதே கரைக்குப் போய், ‘இன்று இல்லை’ என்று எழுதிவைத்தவருக்கு மட்டுமே அந்தத் தேதி பின்னோக்கித் துலங்கும். இந்தச் சிரமத்தால்தான் வலசைப் பறவைகளின் வாழ்வில் மிகச் சுவையான மூன்று மாதங்களை, மார்ச் முதல் மே வரை, நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசந்தம் என்றால் பறவைகள் திரும்பி வரும் காலம். அங்கே ஊரே பைனாகுலரோடு வெளியே வரும். அந்த வசந்தத்தின் தொடக்கப் பாதி நம் கோடையில், நம் உப்பளங்களிலும் ஏரிகளிலும் நடக்கிறது.

பங்குனி நடுவில் கோடியக்கரைக்கும் வேதாரண்யம் உப்பளங்களுக்கும் போய்ப் பாருங்கள். டிசம்பரில் அங்கே நின்ற கரைப்பறவைகளுக்கும் இப்போது நிற்பவற்றுக்கும் உருவத்தில் தொடர்பே இல்லாததுபோல் இருக்கும். மணல் உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்வோம். குளிர்காலம் முழுக்க அதற்கு முதுகு மண்நிறம், வயிறு வெள்ளை. ஈரச் சேற்றில் நூறு பறவை நின்றாலும் அசையாதவரை கண்ணுக்குத் தெரியாது. மார்ச் கடைசியில் அதன் மார்பில் செங்காவி நிறம் படர்கிறது. கண்களை மறைத்தாற்போல் கறுப்புப் பட்டை ஒன்று விழுகிறது. பக்கத்துப் பாத்தியில் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் வளைமூக்கு உள்ளானின் மாற்றம் இன்னும் அழகு. சாம்பலும் வெள்ளையுமாக இருந்த பறவையின் வயிற்றில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புத் திட்டுகள் தோன்றும். ஏப்ரல் நடுவில் முகம் முதல் அடிவயிறு வரை செங்கல் நிறம். ஒரே கூட்டத்தில் முழுக்கச் சிவந்தவை, பாதி சிவந்தவை, நிறமே மாறாதவை என மூன்று வகையும் கலந்து நிற்கும். யார் கிளம்பத் தயார், யார் இன்னும் இல்லை என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

உப்புக்கொத்தியும் உள்ளானும் உடலின் பழைய இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதியன முளைக்கச் செய்து இந்த நிறத்தைப் பெறுகின்றன. சூறைக்குருவியின் வழி வேறு. தென்மாவட்டங்களில் மாலை நேரத்தில் புகைமண்டலம்போல் சுழன்று அடையும் ரோசாநிற மைனாதான் அது. அதன் இளஞ்சிவப்பு இறகுகளும் பளபளக்கும் கறுப்பு இறகுகளும் இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிட்டன. ஆனால் ஒவ்வோர் இறகின் நுனியிலும் மங்கலான பழுப்பு விளிம்பு ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்கச் சோளக்கொல்லையிலும் முள்மரத்திலும் உரசி உரசி அந்த விளிம்பு தேய்கிறது. உள்ளே இருந்த நிறம் மார்ச்சில் வெளியே வருகிறது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி பெருகும் பருவத்தில் குஞ்சு பொரிக்கப் போகும் பறவை அது. ஏப்ரல் நடுவில் முருங்கையிலும் கல்யாண முருங்கையிலும் அடையும் சூறைக்குருவிகளைப் பார்த்தால், வந்தபோது இருந்த அழுக்கு நிறம் துளியும் இருக்காது.

நிறம் வெளியே தெரிவது. உள்ளே நடப்பது அதைவிடப் பெரிய வேலை.

வளைமூக்கு உள்ளானின் குளிர்கால எடை ஐம்பது, அறுபது கிராம். புறப்படும் முன் சில பறவைகள் எண்பது கிராமைத் தாண்டிவிடுகின்றன. ஏறிய எடையில் பெரும்பகுதி கொழுப்பு. தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் மஞ்சள் படலமாகத் தேங்குகிறது. பறவை ஏன் கொழுப்பைச் சேர்க்கிறது, மாவுச்சத்தை ஏன் சேர்ப்பதில்லை? ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறத்தாழ 9 கிலோகலோரி கிடைக்கும், மாவுச்சத்தில் 4தான். மாவுச்சத்து உடலில் தங்க வேண்டுமானால் கூடவே நீரும் தங்க வேண்டும். அந்தச் சுமையையும் கணக்கில் எடுத்தால் கொழுப்பின் ஆதாயம் ஏழெட்டு மடங்கு. எரியும்போது ஒவ்வொரு கிராம் கொழுப்பும் ஒரு கிராமுக்குச் சற்று மேலாகவே நீரை உண்டாக்கும் என்பதும் ஒரு வரப்பிரசாதம். பாலைக்கு மேல் இரவு பகலாகப் பறப்பவற்றுக்கு அந்த நீர் கைகொடுக்கிறது.

கொழுப்போடு சேர்ந்து மார்புத் தசையும் இதயமும் பெருக்கின்றன. உடற்பயிற்சி எதுவும் செய்யாமலே தசை வளர்வது நம்மைப் போன்ற உடல்களுக்கு வாய்க்காத வித்தை. அதேநேரம் வேறு சில உறுப்புகள் சுருங்குகின்றன. அலாஸ்காவில் புறப்படவிருந்த பட்டைவால் மூக்கன்களை ஆராய்ந்த தெயூனிஸ் பியர்ஸ்மாவும் ராபர்ட் கில்லும் 1998-இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. அப்பறவைகளின் உடலில் பாதிக்கு மேல் கொழுப்பு. இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தன. ஊருக்குக் கிளம்புமுன் அடுப்படியைக் கழுவிக் கவிழ்த்துவைப்பதுபோல், பயணத்தில் பயன்படாத உறுப்பின் எடையைக் குறைத்துவிடுகிறது உடல். இதே இனத்தைச் சேர்ந்த, ஈ7 என்று பெயரிடப்பட்ட பெண் பறவை ஒன்று 2007 மார்ச்சில் நியூசிலாந்திலிருந்து மஞ்சள் கடலோரம்வரை 10,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்திருக்கிறது. நம் கரைப்பறவைகள் பலவும் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடப்பதில்லை. இடையில் இறங்கித் தின்று தேறித்தான் போகின்றன. ஆனாலும் உடலுக்குள் நடக்கும் ஏற்பாடு ஒன்றேதான்.

அதனால்தான் ஏப்ரல் மாத உப்பளத்தில் பறவைகளின் நடத்தை மாறிப்போயிருக்கும். ஜனவரியில் நண்பகலில் ஒற்றைக்காலில் தூங்கியவை இப்போது வெயிலிலும் தின்கின்றன. தலையே நிமிராமல் தையல் இயந்திரத்து ஊசி வேகத்தில் சேற்றைக் குத்துகின்றன. ஓர் உள்ளானை ஸ்கோப்பில் வைத்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை குத்துகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அதே எண்ணிக்கையை ஜனவரியிலும் எடுத்துவைத்திருந்தால், எண்ணியவரே வேறுபாட்டைக் கண்டுகொள்வார்.

புறப்பாட்டைக் கண்ணால் பார்க்கவே முடியாதா? முடியும், பொறுமை வேண்டும். கரைப்பறவைகளில் பல சூரியன் சாயும் நேரத்தில் கிளம்புகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியக் கடற்கரையில் இதற்கென்றே உட்கார்ந்து பார்த்த ஆய்வாளர்கள் எழுதிய அடையாளங்கள் எந்தக் கரைக்கும் பொருந்தும். தின்றுகொண்டிருந்த கூட்டத்தில் திடீரென்று சத்தம் கூடுகிறது. சில பறவைகள் தின்பதை விட்டுவிட்டு ஓரிடத்தில் திரள்கின்றன, இறகு கோதுகின்றன, விடாமல் குரல் கொடுக்கின்றன. பிறகு ஒன்றாக எழும்பி, வழக்கமாகப் பக்கத்துப் பாத்திக்குப் போவதுபோல் தாழப் பறக்காமல், வட்டமிட்டபடி மேலே மேலே ஏறுகின்றன. அணி வகுக்கின்றன. மனம் மாறிய ஓரிரண்டு பறவைகள் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. மற்றவை வடக்கே புள்ளியாகி மறைகின்றன. ஏப்ரல் மாதம் மாலை ஐந்தரைக்குக் கிளம்பி வீடு திரும்பிவிடும் பறவை நோக்கர்கள் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தால் இதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கேள்வி. கிளம்ப வேண்டிய நேரம் அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

முதல் தெளிவான விடை கனடாவின் எட்மண்டன் நகரிலிருந்து வந்தது. அங்கே பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த வில்லியம் ரோவன், சில வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட அதே நாட்களில் முட்டையிடுவதைக் கவனித்தார். வெப்பமும் மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறாத ஒன்று பகலின் நீளம் மட்டுமே. 1924-25 குளிர்காலத்தில் ஜங்கோ என்ற சிறு குருவிகளைத் திறந்தவெளிக் கூண்டில், கடும் உறைகுளிரில் வைத்து, மாலையானதும் மின்விளக்கைப் போட்டு அவற்றின் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். வெளியே பனி உறைந்து கிடக்க, அக்குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் பெருப்பதுபோல் பெருத்தன. பின்னர் 1930-களில் பிரான்சில் ழாக் பெனுவா வாத்துகளை வைத்துச் செய்த சோதனைகளில் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. கண்ணை நீக்கிய பிறகும் வாத்தின் உடல் பகலின் நீளத்துக்குத் தக்கபடி மாறியது. பறவையின் மண்டை ஓட்டையும் ஊடுருவி ஒளி உள்ளே போகிறது. மூளையின் ஆழத்தில் ஒளியை உணரும் செல்கள் உள்ளன. பருவத்தை அளப்பவை அவைதான்.

நல்லது. ஆனால் இந்த விடை கனடாவுக்குப் போதும், கோடியக்கரைக்குப் போதுமா? எட்மண்டனில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். கோடியக்கரை வடக்கு அகலாங்கு 10 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்; மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர் கடைசிக்கும் மார்ச் கடைசிக்கும் இடையே பகல் கூடுவது ஏறத்தாழ நாற்பது நிமிடம்தான். மனிதர் எவரும் கவனிக்காத மாற்றம். இதை நம்பி ஓர் உயிர் ஏழாயிரம் கிலோமீட்டர் கிளம்புமா?

இரண்டு ஆய்வுகள் இதற்கு ஒளி காட்டுகின்றன. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர், வலசை போகும் கதிர்க்குருவிகளை ஆண்டு முழுக்க 12 மணி நேர வெளிச்சமும் 12 மணி நேர இருட்டும் மாறாத அறையில் வளர்த்தார். பருவம் அறிய எந்தக் குறிப்பும் இல்லை. இருந்தும் உரிய காலம் வந்ததும் இறகு உதிர்த்தன, கொழுப்புச் சேர்த்தன, இரவில் உறங்காமல் கூண்டுக்குள் சிறகடித்துத் தவித்தன. பறவையின் உடலுக்குள்ளேயே ஏறத்தாழ ஓராண்டு சுழற்சி கொண்ட கடிகாரம் ஓடுகிறது. பகலின் நீளம் அதைத் திருத்தி நேரம் சேர்க்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது ஆய்வு பனாமாவில் நடந்தது. கோடியக்கரையைப்போலவே பூமத்திய ரேகைக்கு அருகே, 9 டிகிரியில் உள்ள ஒரு காட்டின் எறும்புப் பறவைகளுக்குப் பகலை வெறும் 17 நிமிடம் நீட்டிக் காட்டினர் மிகேலா ஹாவும் உடன் ஆய்ந்தவர்களும். 1998-இல் வெளியான முடிவு: அந்தப் 17 நிமிடத்தையும் பறவைகளின் உடல் உணர்ந்தது. அவை வலசை போகாதவை என்பது உண்மைதான். ஆனாலும் வெப்பமண்டலத்தின் நுண்ணிய பகல் மாற்றத்தைப் பறவையால் அளக்க முடியுமா என்ற ஐயத்தை அந்த ஆய்வு தீர்த்துவைத்தது.

கடிகாரம் இவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. வளைமூக்கு உள்ளான் போய்ச் சேரும் இடம் சைபீரியாவின் வடமுனையில் உள்ள தைமிர் தீபகற்பமும் அதைச் சுற்றிய தூந்திரமும். ஜூன் முதல் வாரங்களில்தான் அங்கே பனி உருகும். உருகிய தரையில் கூடு, நான்கு முட்டை. ஆண் பறவை இணைசேர்ந்ததோடு சரி. அடைகாப்பதும் குஞ்சைக் காப்பதும் பெண்ணின் வேலை. குஞ்சு பொரியும் வாரத்தில் பூச்சிகள் பெருகியிருக்க வேண்டும். ஆகஸ்டில் குளிர் திரும்பிவிடும். இத்தனையும் அடங்கும் காலம் இரண்டே மாதம். முன்னதாகப் போனால் உறைபனி, பிந்திப் போனால் குஞ்சுக்கு இரை இல்லை. அதனால்தான் வசந்தப் பயணம் திரும்பும் பயணத்தைவிட அவசரமானது. நாகப்பட்டினத்தில் ஏப்ரலில் தின்ற புழுக்கள்தான் தைமிரில் ஜூனில் உரிய நேரத்துக்குப் போய்ச்சேர வைக்கின்றன.

அந்தப் பனி இப்போது முந்தி உருகுகிறது. தைமிரில் குஞ்சு பொரிக்கும் சிவப்பு உள்ளான்களைப் பற்றி யான் வான் கில்ஸ் முதலானோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு என்னை நெடுநாள் உலுக்கியது. பனி முந்தி உருகிய ஆண்டுகளில், பறவைகள் வந்து குஞ்சு பொரிப்பதற்குள் பூச்சிகளின் உச்சம் கடந்துபோய்விடுகிறது. குஞ்சுகள் அரைவயிறாக வளர்ந்து உடல் சிறுத்து, அலகு குட்டையாகிறது. அதன் விலையை அவை கொடுப்பது ஆர்க்டிக்கில் இல்லை. மொரிட்டானியாவின் வெப்பமண்டலச் சேற்றில். அங்கே நல்ல சிப்பிகள் ஆழத்தில் இருக்கின்றன. குட்டை அலகு எட்டாத பறவைகள் முதல் ஆண்டிலேயே அதிகமாக இறக்கின்றன. வடக்கே நேர்ந்த கோளாறு தெற்கே மரணமாகிறது. அதே தூந்திரத்துக்கும் நம் கரைக்கும் இடையே போய்வரும் வளைமூக்கு உள்ளானை 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ‘அழிவாய்ப்பு உள்ள’ இனங்களின் பட்டியலில் சேர்த்தது. வேதாரண்யத்தில் கூட்டமாகத் திரிவதால் நாம் சர்வசாதாரணமாக எண்ணிய பறவை.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பறவைகளும் கிளம்புவதில்லை. மே மாத நடுவிலும் ஜூனிலும்கூட கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் நிற்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் இப்பகுதிகளில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டுப் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டியுள்ளன. தங்கிவிடுபவற்றில் பெரும்பாலானவை முதல் ஆண்டுப் பறவைகள். சென்ற கோடையில் பிறந்தவை. அவற்றுக்கு நிறம் முழுதாக மாறுவதில்லை, கொழுப்பும் ஏறுவதில்லை. இனப்பெருக்கத்துக்கு இன்னும் பக்குவமில்லாத உடலோடு ஆபத்தான நெடும்பயணம் போவதைவிட, வெயிலைப் பொறுத்துக்கொண்டு ஓராண்டு இங்கேயே இருப்பது அவற்றுக்கு நல்லது.

ஆக, ஜூனில் ஓர் உப்புக்கொத்தியைப் பார்த்துவிட்டு ‘வலசை தாமதமாகிறது’ என்று எழுதினால் தவறான முடிவாகும். நிறத்தைப் பார்க்க வேண்டும். மங்கிய சாம்பலும் வெள்ளையுமாக இருந்தால் அது தங்கிவிட்ட இளம்பறவையாக இருக்கலாம். முழுச் சிவப்பில் மே கடைசியில் நின்றால் அது நிஜமாகவே பிந்திய பறவை. இந்த இளம்பறவைகளின் எண்ணிக்கையிலும் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. தூந்திரத்தில் லெம்மிங் எனும் எலியினம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் சரியும். பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிகள் எலியைத் தின்று பசியாறும். சரிந்த ஆண்டில் உள்ளான்களின் முட்டையும் குஞ்சும் நரிக்கு இரையாகும். அதனால் தெற்கே வந்துசேரும் வளைமூக்கு உள்ளான் கூட்டத்தில் இளம்பறவைகளின் பங்கு ஓராண்டு மிகுந்தும் மற்றோராண்டு அருகியும் காணப்படும். தென்னாப்பிரிக்கக் கரையில் பல ஆண்டுகள் பிடித்து எண்ணிப் பார்த்தே இதை நிறுவினார்கள். ஜூன் மாதம் வேதாரண்யத்தில் நிற்கும் சாம்பல்நிற உள்ளான்களை ஒருவர் ஆண்டுதோறும் எண்ணிவந்தால், சைபீரியாவின் எலிகளைப் பற்றிய தகவல் அவர் நோட்டில் சேர்ந்துகொண்டே போகும்.

கரைப்பறவைகளைப் பற்றியே பேசிவிட்டேன். என் மனம் அங்கேதான் இருக்கிறது. மற்றவற்றையும் விட்டுவிட முடியாது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் வெயில் ஏறுமுன்பே வடக்கு நோக்கிவிடும். இமயத்தின் குறுக்கே திபெத், மங்கோலியா பக்கம் போகும் இனம் அது. கருவி பொருத்திய வரித்தலை வாத்து ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அவை எப்போதும் உச்சியிலேயே பறப்பதில்லை என்பதும் அதே ஆய்வுகளில் தெரியவந்தது. மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு இறங்கினால் இறங்கி, தரையை ஒட்டியே போகின்றன; காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவையும் விடியலையும் விரும்புகின்றன. நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் நம் ஏரிகளிலேயே ஜோடி சேர்ந்துவிடுகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் ஆண்கள் பெண்ணைச் சுற்றித் தலையை ஆட்டி நீந்துவதைப் பள்ளிக்கரணையில் நின்றே பார்க்கலாம். பிறகு ஆண், பெண் பிறந்த ஊருக்கு அதன் பின்னாலேயே போகிறது.

தோட்டங்களில் காது வேண்டும். குளிர்காலம் முழுக்கப் புதருக்குள் ‘டக் டக்’ என்று மட்டும் ஒலி எழுப்பிக்கொண்டிருந்த பிளித் நாணல் கதிர்க்குருவி, மார்ச் கடைசியிலிருந்து பாட ஆரம்பிக்கும். மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் கலந்து மெல்லிய குரலில், இடைவெளி விட்டு விட்டு ஒத்திகை பார்க்கும். பின்லாந்திலிருந்து சைபீரியாவரை பரந்த நிலத்தில் ஜூன் இரவுகளில் அது பாடப்போகும் பாட்டின் முதல் வரிகளை நம் மருதாணி வேலியில் கேட்கிறோம். ஒரு கதிர்க்குருவி பாடத் தொடங்கிய நாளும், அந்தப் பாட்டு நின்ற நாளும் குறிக்கத்தக்கவை.

ஆறுமணிக்குருவியின் கதை வேறு. அது போகும் தூரமும் குறைவு, போகுமிடமும் நம் நாடுதான்: மத்திய இந்தியக் காடுகளும் இமயத்தின் அடிவாரமும். அங்கே அது எதிர்பார்ப்பது பனி உருகுவதை அல்ல, தென்மேற்குப் பருவமழையை. மழை இறங்கியதும் மண்புழுவும் பூச்சியும் பெருகும் தரையில் கூடு கட்டும். தமிழகத்திலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்த குருவிகள் ஏப்ரல், மே மாதங்களில் இரவோடிரவாக வடக்கே நகர்கின்றன. வலசையின் அசதியில் அவை வீட்டுக்குள் நுழைவதும், கண்ணாடியில் மோதிக் கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து, தேறியதும் விட்டுவிடுவதே நல்லது. கிடைத்த தேதியையும் எழுதிவைக்க வேண்டும்.

இனி அந்தத் தேதிக்கு வருவோம். ஒரு மாவட்டத்தில் சாம்பல் வாலாட்டியின் ‘கடைசித் தேதி’ 2010-இல் ஏப்ரல் 10, 2024-இல் ஏப்ரல் 25 என்று வைத்துக்கொள்வோம். பறவை பதினைந்து நாள் தாமதமாகக் கிளம்புகிறது என்று சொல்லிவிடலாமா? கூடாது. 2010-இல் அங்கே பறவை பார்த்தவர் இருவர், 2024-இல் இருபது பேர் என்றால், கண்கள் பெருகியதாலேயே தேதி தள்ளிப்போயிருக்கும். கடைசித் தேதி என்பது கூட்டத்தின் கதையைச் சொல்வதில்லை. பின்தங்கிய ஒற்றைப் பறவையின் கதையைச் சொல்கிறது. அது நோயுற்ற பறவையாகவும் இருக்கலாம்.

இதற்கு அறிவியலாளர்கள் கண்ட வழி எளிது. கடைசிப் பறவையைத் தேடாமல், ஒவ்வொரு வாரமும் எழுதப்பட்ட மொத்தப் பட்டியல்களில் எத்தனையில் அந்தப் பறவை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிப்ரவரியில் நூறு பட்டியலில் அறுபதில் இருந்தது, ஏப்ரல் முதல் வாரம் நாற்பதில், மூன்றாம் வாரம் ஐந்தில் என்று சரியும் கோடுதான் புறப்பாட்டின் உருவம். அந்தக் கோட்டை ஆண்டோடு ஆண்டு ஒப்பிடலாம். பார்த்தவர் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அது அவ்வளவாகக் கெடாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். காக்கை, மைனா, கொக்கு உட்பட பார்த்த அனைத்தையும் எழுதியிருந்தால்தான், வாலாட்டி எழுதப்படவில்லை என்பதற்கு ‘வாலாட்டி தென்படவில்லை’ என்று பொருள் கொள்ள முடியும். அரிய பறவையை மட்டும் எழுதிய குறிப்பு இதற்கு உதவாது.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் இ-பேர்ட் தளத்தில் சேர்த்த 3 கோடிப் பதிவுகளின் மேல் நிற்கிறது. 942 இனங்களின் நிலை அதில் அலசப்பட்டது. சம்பளம் வாங்காதவர்கள் எழுதிய பட்டியல்களால் ஒரு நாட்டின் பறவைகளைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. வலசை வரும் கரைப்பறவைகள் கடுமையாகக் குறைந்துவருவதாக அதே அறிக்கை சொன்னது பெரும் கவலை. தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு ஊர் ஊராக நடக்கிறது. பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பு வருகிறது. அதன் பிறகு வெயிலும் தேர்வும் சேர்ந்து நோட்டுகளை மூடிவிடுகின்றன. கோடு சரிய வேண்டிய வாரங்களில் கோடு வரையவே பட்டியல் போதாமல் போகிறது.

ஆகவே பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு குளம், ஓர் ஆற்றங்கரை, ஒரு பூங்கா. மார்ச் முதல் ஜூன் நடுவரை வாரம் ஒருமுறை, காலை ஆறிலிருந்து ஏழுவரை. வெயிலுக்கு முன்பே முடிந்துவிடும். பார்த்த எல்லாப் பறவைகளின் பெயரும் எண்ணிக்கையும். வலசைப் பறவையானால் நிறம் மாறிவிட்டதா, பாதியா, இல்லையா, பாடுகிறதா. எதுவும் இல்லாத வாரத்திலும் பட்டியல் போட வேண்டும். அந்த வெறும் பட்டியல்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் தருகிறது.

இந்தத் தகவல் யாருக்குப் பயன்படும் என்று கேட்கலாம். ஓர் ஏரியைத் தூர்வார எந்த மாதம் நல்லது, உப்பளப் பாத்திகளில் நீர்மட்டத்தை எப்போதுவரை ஆழமில்லாமல் வைத்திருக்கலாம், சதுப்பையொட்டிய கட்டுமான வேலையை எப்போது நிறுத்திவைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்கு. பறவைகளெல்லாம் மார்ச்சில் போய்விட்டன என்ற எண்ணத்தில் ஏப்ரலில் இயந்திரங்கள் இறங்குகின்றன. கொழுப்பேற்றும் அந்த மூன்று, நான்கு வாரங்கள் ஒரு பறவைக்கு ஆண்டிலேயே அதிக இரை தேவைப்படும் வாரங்கள். அப்போது சேறு கிடைக்காத உள்ளான் பத்து கிராம் குறைவாகக் கிளம்பும். அல்லது பத்து நாள் பிந்திக் கிளம்பும். இரண்டுமே தைமிரில் குஞ்சில்லாத கோடையாக முடியக்கூடும். கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம், 2002-லிருந்து ராம்சர் தலம். ஆனால் பறவைகள் தின்னும் இடமெல்லாம் அந்த எல்லைக்குள் இல்லை. கிராமத்துக் குளங்களும், தனியார் பாத்திகளும், கழிமுகத்துச் சேறும் யாருடைய பட்டியலிலும் வராமல் இருக்கும்வரை அவற்றுக்காகப் பேச ஆதாரமும் இருக்காது.

நோட்டை நெடுங்காலம் மூடிவைக்க இந்தப் பறவைகளும் விடுவதில்லை. தைமிரில் இணைசேர்ந்த ஆண் உள்ளான்கள் ஜூலை பிறந்ததுமே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் வாரங்களில் நம் உப்பளங்களில் அவற்றைத் தேடலாம்: செங்கல் நிறம் மங்கி, நடுநடுவே சாம்பல் இறகு முளைத்து, கோடை முழுக்க இங்கேயே நின்ற இளம்பறவைகளின் பக்கத்தில் தின்றுகொண்டிருக்கும். பெண்கள் சில வாரம் கழித்து வரும், குஞ்சுகள் அதற்கும் பின்னால்.